ஜப்பான் காகிதத்தில் செய்த நட்சத்திரங்கள்

அன்று காலையில் அங்கே முதலாளி இருந்தார். பசை காய்ச்சும் அக்கா இருந்தாள். தோணிக்காரன் பெண்டாட்டி இருந்தாள். நான் இருந்தேன். உதடு பிளந்தவள் இருந்தாள். பின்சாய்ப்பில், பாயில், அவள் புருஷன் கிடந்தான். அவனையும் சேர்க்க வேண்டும். எழுந்து வரமாட்டான். ஆனால் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

வேறு யாரும் இல்லை. பிறகு கடைத்தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பார்த்தது போலவே சொன்னார்கள். இருந்தவர்கள் இவ்வளவுதான்.

மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு சுக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவில் எங்கள் பட்டறை. பட்டறை என்றால் ஓர் ஓட்டுக் கொட்டகை. மேலே ஒரு மச்சு. பின்னால் ஒரு சாய்ப்பு. கோடையில் பட்டம் செய்வோம். கல்யாண மாதத்தில் தோரணம். விருச்சிகம், அதாவது நம் கார்த்திகை, பிறந்தால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். ஐம்பத்தெட்டாக இருக்கலாம். ஐம்பத்தொன்பதாகவும் இருக்கலாம். என் இரண்டாவது பிள்ளை அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான்.

நட்சத்திரம் செய்வது பெரிய வித்தை இல்லை. தென்னை ஈர்க்கைச் சீவி, நூலால் கட்டிக் கூடு செய்ய வேண்டும். அதன்மேல் காகிதத்தை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டிய காகிதம் தொய்ந்து கிடக்கும். அதை விறைக்க வைக்க ஒரு வழி உண்டு. வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, உதட்டை இறுக்கி, புஸ்ஸென்று ஊத வேண்டும். துணி தேய்க்கிறவர்கள் ஊதுவது மாதிரி. துளியாக விழக் கூடாது. பனியாக விழ வேண்டும். காய்ந்தால் காகிதம் இறுகிக்கொள்ளும். விரலால் சுண்டினால் செண்டை போலச் சத்தம் வரும். சத்தம் வராததை முதலாளி எடுக்க மாட்டார். தூக்கி மூலையில் போடுவார்.

உதடு பிளந்தவளால் ஊத முடியாது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. பிறவியிலேயே அப்படி. தண்ணீரை வாயில் எடுத்தால் பாதி பிளவு வழியாக வடிந்துவிடும். மீதி மூக்கில் வரும். பேச்சும் மூக்கில்தான் வரும். புதியவர்களுக்கு விளங்காது. எங்களுக்கு விளங்கும். விளங்காதது போல நடிப்போம்.

அவளை முச்சுண்டி என்று கூப்பிட்டோம். மூன்று உதடு உள்ளவள் என்று அர்த்தம். மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் தமிழர்களும் அப்படியே சொன்னோம். அவளும் தமிழச்சிதான். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். அவன் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். அடுக்கிலிருந்து சுக்கு மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்தது. அதோடு படுத்தான்.

கிட்டங்கிக்காரர் கைவிட்டார். எங்கள் முதலாளி அவளை வேலைக்கு எடுத்தார். சாய்ப்பில் இருந்துகொள்ளச் சொன்னார். வாடகை இல்லை. பட்டறையைப் பூட்டித் திறக்கிற வேலை அவளுடையது. முதலாளி அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பணி உள்ள காலம் சாய்ப்பு உனக்கு. பணி போனா சாய்ப்பும் போச்சு. பின்னே என்கிட்ட வந்து அழுது கரையரிது."

அவளுக்கு இந்த வேலை கூலி மட்டும் இல்லை. அசைய முடியாதவன் தலைக்குமேல் இருந்த ஓடு அது. எங்களுக்கு அது தெரியும். நன்றாகத் தெரியும்.

அவள் கை நல்ல கை. காகிதத்தை அவள் வெட்டினால் ஓரம் பிசிறாது. ஊதுவது மட்டும்தான் குறை. ஆளுக்கு ஒரு முறம் உண்டு. அவள் முறத்து நட்சத்திரங்களை நான்தான் ஊதிக் கொடுப்பேன். அதற்குப் பதிலாக எனக்கு ஈர்க்கு சீவித் தருவாள். அது ஓர் ஏற்பாடு. சிநேகம் இல்லை.

அந்த வருஷம் திருக்கார்த்திகை தீபம் கழிந்ததும் முதலாளி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே தூக்கி வந்தார். அதிலிருந்தே எங்களுக்குப் புரிந்தது, விலை உள்ள சாமான் என்று.

கோட்டைக் கொச்சியில் ஒரு தேயிலைக் கம்பெனி வெள்ளைக்காரச் சாயிப்பு இருந்தார். அவர் வீட்டு மதாம்மா ஜப்பானில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அங்கிருந்து கொண்டுவந்த காகிதம். கிளப்பில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறார்கள். அதில் தொங்கவிட உள்ளங்கை அளவில் நட்சத்திரம் வேண்டும். இருநூறு வேண்டும்.

முதலாளி பெட்டியைத் திறந்தார். நாங்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டோம்.

அதுபோல ஒரு காகிதத்தை நான் அதற்கு முன் தொட்டதில்லை. காகிதம் என்றே தோன்றவில்லை. பழைய வேட்டித் துணிபோல் மெத்தென்று இருந்தது. கிழித்தால் நேராகக் கிழியாது. பஞ்சு போல நார் நாராக வரும். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோலம். ஒன்றில் மீன் செதிலைப்போல அலை. ஒன்றில் சிவப்பு வானத்தில் வெள்ளைக் கொக்கு. ஒன்றில் கருநீலத்தில் பூ, பூவைச் சுற்றிப் பொன் கோடு. ஒரு தாள்போல இன்னொன்று இல்லை. உதடு பிளந்தவள் ஒரு கொக்கின் மேல் விரல் வைத்தாள்.

"அழுக்காக்காதே டீ," என்றாள் பசை அக்கா. "உன் மூக்குச் சளி அதுல விழப்போகுது."

தோணிக்காரன் பெண்டாட்டி சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள்.

முதலாளி சொன்னார்: "மதாம்மா பிரத்யேகம் சொல்லியிருக்கு. இதுல தண்ணி படக் கூடாது. ஒரு துளி பட்டா நாசம். இந்தத் தாள் இங்க எங்கேயும் கிடைக்காது. கேட்டீங்களா?"

கேட்டோம். விருச்சிக மாதம் அது. வேலியேற்றக் காலம். கடலும் காயலும் வயிறு ஊதி, விடிகாலையில் உப்புத் தண்ணீர் சந்துக்குள் ஏறும். பட்டறைத் தரையில் கணுக்கால்வரை நிற்கும். வெயில் ஏறினால் இறங்கும். தண்ணீர் படக் கூடாது என்றால் எங்களுக்கு அந்தத் தண்ணீர்தான். முதலாளிக்கும் அந்தத் தண்ணீர்தான். அவரே ஏணியில் ஏறி மச்சைப் பெருக்கச் சொன்னார். ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். "செய்து முடிச்சதெல்லாம் மேல வெச்சாப் போதும். எத்தனை பெரிய வேலியேற்றம் வந்தாலும் மச்சுக்கு ஏறாது," என்றார்.

அதோடு தண்ணீர் விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். வாயால் ஊதுவதை நாங்கள் தண்ணீர் என்று நினைத்ததே இல்லை. அது வேலை. வெட்டுவது, ஒட்டுவது, ஊதுவது. அவ்வளவுதான். இன்று எழுதும்போது மடத்தனமாகத் தெரிகிறது. அன்று நான்கு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஏழு நாள் வேலை. ஆளுக்கு ஐம்பது. பசை அக்கா மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினாள். கெட்டியாகவே காய்ச்சினாள். அந்தக் காகிதம் பசையைக் குடித்தது. மற்ற காகிதத்துக்கு ஒரு தடவை தடவினால் இதற்கு மூன்று தடவை. ஓரத்தில் மட்டும் தடவியதால் கோலம் கெடவில்லை.

அந்த ஏழு நாளும் நன்றாகவே போயிற்று. பேச்சும் சிரிப்புமாக இருந்தோம். பேச்சு என்றால் பெரும்பாலும் உதடு பிளந்தவளைப் பற்றித்தான்.

சாயா வரும்போது தோணிக்காரன் பெண்டாட்டி கேட்பாள்: "எடி முச்சுண்டி, மூக்குக்கு ஒரு கிளாஸ் வேறே பறயட்டே?"

அவள் கிளாஸை வாங்கிக்கொள்வாள். கையால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாயா குடிப்பாள்.

"உன் கெட்டியோன் உனக்கு எப்படி உம்மா வெக்கும்? வழி தெரியாம மூக்குக்குள்ள போயிடாதோ?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் புருஷன் கத்துவான்: "ஏன், உன் தோணிக்காரன் வழி தெரியாமத்தானே வாரத்துல நாலு நாள் வேற கடவுல தோணியைக் கட்டுறான்?"

அதற்கும் தோணிக்காரன் பெண்டாட்டிதான் முதலில் சிரிப்பாள். இடுப்பு விழுந்தாலும் அவன் வாய் விழவில்லை.

ஏழாம் நாள் பொழுது சாய்கிற நேரம். எல்லாம் ஒட்டி முடிந்தது. பசை காய்ந்ததும் முறங்களை மச்சில் வரிசையாக வைத்தோம். இனி ஊத வேண்டும். மச்சுக்கு ஜன்னல் கிடையாது. ஏணி வழியாக வருகிற வெளிச்சம்தான். நாளைக் காலையில் முதலாளி வருவார். வீட்டுக்குப் போகிற அவசரம்.

பசை அக்கா தன் முறத்தை ஊதினாள். தோணிக்காரன் பெண்டாட்டி ஊதினாள். நானும் ஊதினேன். புஸ், புஸ் என்று மூன்று வாய்ச் சத்தம். முடிந்ததும் உதடு பிளந்தவள் தன் முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

நான் தள்ளிவிட்டேன்.

"எனக்கு வாய் வலிக்குது. உன்னோடதை நீயே ஊது."

வாய் வலிக்கவில்லை. அன்று காலையில் அவள் எனக்குச் சீவித் தந்த ஈர்க்கில் ஒன்று பிளந்திருந்தது. விரலில் ஏறிவிட்டது. அந்தக் கோபம்.

அவள் செம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மற்ற இருவரையும் பார்த்தாள்.

"ஊதேன் டீ, பாக்கலாம்," என்றாள் பசை அக்கா.

"மழை பெய்யும். குடை எடுத்துக்கறேன், நில்லு," என்றாள் தோணிக்காரன் பெண்டாட்டி.

அவள் ஊதவில்லை. முறத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அவள் நட்சத்திரங்கள் தொய்ந்தே கிடந்தன. நாங்கள் இறங்கிப் போனோம். நாளைக்கு முதலாளி சுண்டிப் பார்த்து அத்தனையையும் மூலையில் போடுவார் என்று பசை அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் அதில் ஒரு திருப்தி இருந்தது.

மறுநாள் காலையில் முதலாளி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். தரையில் வேலியேற்றத் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று முறங்களைக் கீழே இறக்கி, பசைப் பலகைமேல் வைத்திருந்தார்.

நான் பார்த்தேன். கொக்கெல்லாம் சிவப்பாயிருந்தது. நீலம் ஓடிப் பூவுக்குள் போயிருந்தது. பொன் கோடு எங்கே என்று தெரியவில்லை. பேன் நசுக்கிய நகம்போல இருந்தது ஒவ்வொன்றும். இறுகித்தான் இருந்தன. சுண்டியிருந்தால் நல்ல சத்தம் வந்திருக்கும்.

"ஆரு செஞ்சது?" என்றார்.

நாங்கள் முறங்களையே பார்த்தோம்.

"தண்ணி படக் கூடாதுன்னு பறஞ்ஞேனா இல்லையா? மதாம்மாகிட்ட நான் எந்தா பறயும்? ஆரு செஞ்சதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா நாலு பேரும் இப்பவே இறங்குங்க. எனக்கு ஆள் கிடைக்கும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. வேலைக்கு ஆள் தினமும் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போகும். என் புருஷன் ஐலண்டு துறைமுகத்தில் கப்பல் வேலைக்குப் போவான். கப்பல் வந்தால் வேலை. வராவிட்டால் என் கூலிதான். பசை அக்கா விதவை. தோணிக்காரன் வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கு வரமாட்டான். எல்லோருக்கும் வயிறு இருந்தது.

பசை அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"நாலாவது முறம் எங்க முதலாளி?"

அவர் மச்சைக் காட்டினார். "அதுல ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கு."

"அது யாரோட முறம்னு பாருங்க."

அவருக்குத் தெரியும். முறம் யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பசை அக்கா மேலே சொன்னாள். "மூணு முறத்துல தண்ணி. அவ முறத்துல மட்டும் இல்ல. ராத்திரி இங்க இருக்கிறது யாரு? ஏணி எங்க இருக்கு? அவ சாய்ப்புல இருக்கு. நாங்க கேலி பண்றோம்னு அவளுக்கு எங்கமேல காந்தல்."

நான் அசந்து போனேன். இவ்வளவு சீக்கிரம் ஒரு மனுஷிக்கு இப்படித் தோன்றுமா என்று நினைத்தேன். பிறகு, நல்லதாயிற்று என்று நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன்.

உதடு பிளந்தவள் கையை ஆட்டினாள். ஏதோ சொன்னாள். அவசரத்தில் பேசினால் அவள் பேச்சு இன்னும் குழறும். தன் வாயைக் காட்டினாள். எங்கள் மூவரையும் காட்டினாள். ஊதுவது போலக் காட்டினாள்.

"என்ன பறயுது இது?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. ஊதினது இவங்க மூணு பேர், எனக்கு ஊதவே வராது, என்றாள்.

"எனக்கு விளங்கலை முதலாளி," என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் புருஷன் கத்தினான். "நான் கேட்டேன்! மூணு வாய் ஊதின சத்தம் நான் கேட்டேன்! அவ ஊதல! அவளுக்கு வராதுய்யா!"

"கிடக்கறவன் அங்கே கிடந்நாப் போதும்," என்றார் முதலாளி.

"பெண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாம எங்களுக்கா பேசுவான்?" என்றாள் பசை அக்கா.

முதலாளி தகரப் பெட்டியைப் பார்த்தார். காலால் தண்ணீரை அளைந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பலகைமேல் விரித்தார். சிவப்பு வானம், வெள்ளைக் கொக்கு. பானையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஊத வராதுன்னா ஊதிக் காட்டு. பாக்கட்டும்."

அவளால் முடியாது. முடியாது என்று தெரிந்தால் அடுத்தது எங்கள் வாய்தான். அவள் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாலே போதும். கீழே துப்பிவிட்டு, வராது என்று கையை விரித்திருந்தாலும் போதும்.

அவள் நிஜமாகவே ஊதப் பார்த்தாள்.

முதலாளி ஊதச் சொன்னார், அதனால் ஊதினாள். அவள் அப்படித்தான். சொன்னதைச் செய்வாள். பலகைக்கு மேல் குனிந்து, இரண்டு விரலால் பிளவை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். மூக்கில் தண்ணீர் வந்தது. புரையேறியது. விரலுக்கு நடுவிலிருந்து பீறிட்டு, தாடையில் வழிந்து, சொட்டுச் சொட்டாகக் காகிதத்தில் விழுந்தது.

தோணிக்காரன் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை. அடக்க முடியவில்லை. அதைப் பார்த்து முதலாளியும் சிரித்தார். சிரிப்பு கொஞ்ச நேரம் நின்றபாடில்லை. அவள் இருமிக்கொண்டே நின்றாள்.

எல்லோரும் சிரிக்கும்போது நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு மெல்ல அசைந்தது. கொக்கின் கழுத்துக்குள் போயிற்று. பிறகு இறக்கைக்குள் போயிற்று.

நான் சொன்னேன்: "இப்படித்தான் ஆயிருக்கும் முதலாளி."

அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். துண்டைக் கையில் எடுத்தார். மூன்று முறத்தையும் பார்த்தார். துண்டும் முறங்களும் ஒன்றுபோல இல்லை. அவள் துண்டில் பெரிய பெரிய சொட்டு. முறங்களில் பனி விழுந்ததுபோல எங்கும் ஒரே சீராக ஓடியிருந்தது. கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். அவர் எங்கள் ஊதலை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறவர். தண்ணீர் படக் கூடாது என்று மதாம்மா சொன்னதற்கு, மச்சில் ஏற்றி வைத்தால் போதும் என்று சொன்னவரும் அவர்தான்.

"சரிதான்," என்றார். "இப்படித்தான் ஆயிருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று எழுதுகிறேன். எப்படிப் பார்த்தாள் என்று தெரியாது. நான் அப்போது பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி இறங்கறதுக்கு முன்ன சாய்ப்பு காலி ஆகணும்," என்றார் முதலாளி. சாவியை வாங்கிக்கொண்டார்.

அவளிடம் சாமான் அதிகம் இல்லை. ஒரு பெட்டி, இரண்டு பானை, பாய். புருஷன்தான் பெரிய சாமான். இடக்கொச்சியில் அவனுக்கு அண்ணன் முறையில் ஒருத்தர் உண்டாம். உந்து வண்டி பஜார் ரோட்டில்தான் நிற்கும். சந்துக்குள் தண்ணீர் நின்றதால் வராது. ரோடுவரை தூக்கிப் போக வேண்டும்.

முதலாளி எங்களைப் பார்த்தார். "மூணு பேரும் ஒரு கை பிடிங்க. சீக்கிரம் போகட்டும்."

பசைப் பலகையைத்தான் கொண்டுபோனோம். அவனை அதில் உருட்டிப் போட்டோம். முன்னால் பசை அக்காவும் தோணிக்காரன் பெண்டாட்டியும். பின்னால் நானும் அவளும். அவன் எலும்புதான். ஆனாலும் கனத்தான். சந்தில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தது. சுக்குத் தோல் மிதந்தது. அடியில் கல் தட்டுப்படும். தட்டினால் பலகை சாயும். சாய்ந்தால் அவன் பல்லைக் கடிப்பான்.

பாதி வழியில் பேச ஆரம்பித்தான்.

"நாலு பேர் தூக்குறீங்க. பாதி காரியம் முடிஞ்சுது. மீதியை இடக்கொச்சியில பாத்துக்கிடலாம்."

தோணிக்காரன் பெண்டாட்டி பலகையை மாற்றிப் பிடித்தாள்.

"ஏ தோணிக்காரி, சிரியேன். இப்ப ஏன் சிரிக்க மாட்டேங்கிற?"

தோணிக்காரன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. அன்று ஒருநாள்தான் அவள் கூப்பிட்டும் சிரிக்காதது.

"மதனி," என்று தலையைப் பின்னால் சாய்த்து என்னைப் பார்த்தான். என்னை எப்போதும் மதனி என்றுதான் கூப்பிடுவான். "உங்க வாய் வலி எப்படி இருக்கு?"

முந்தின நாள் மாலையில் நான் சொன்ன பொய்யையும் கேட்டிருக்கிறான். பலகைச் சுவர்தானே.

"பேசாம வாங்க. பலகை ஆடுது," என்றேன்.

அவள் முழு வழியும் பலகையை இறுக்கிப் பிடித்து வந்தாள். பலகையின் அவள் பக்கம் ஒருமுறைகூடத் தாழவில்லை. தாழ்ந்ததெல்லாம் என் பக்கம்தான். வண்டியில் அவனை ஏற்றியதும் பலகையைக் கழுவ ஆரம்பித்தாள். பசைப் பலகை அழுக்காகக் கூடாது என்று பழக்கம். பசை அக்கா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். "போடீ, நேரமாச்சு," என்றாள்.

வண்டி தோப்பும்படி பக்கம் போயிற்று. நாங்கள் திரும்பினோம்.

அந்த அண்ணன் முறைக்காரர் அவர்களை வீட்டில் சேர்க்கவில்லை என்றும், வள்ளம் போட்டுவைக்கும் கொட்டிலில் கிடந்தார்கள் என்றும் மீன்காரி ஒருத்தி சொன்னாள். மழைக்கு முன்பே அவன் செத்துப்போனான் என்றும் சொன்னாள். அவளைப் பற்றிக் கேட்டேன். மீன்காரிக்குத் தெரியவில்லை. உதடு பிளந்தவள் என்று அடையாளம் சொன்னேன். "அங்ஙனே ஒருத்தி உண்டாயிருந்நு," என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

சாய்ப்பில் முதலாளி ஈர்க்குக் கட்டு அடுக்கினார். மழையில் ஒழுகியது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்.

ஜப்பான் காகிதம் அதற்குப் பிறகும் வந்தது. அறுபத்து மூன்றுவரை வந்தது. கப்பலில் வருகிறவர்களிடம் சொல்லி மதாம்மா வரவழைப்பாள். பட்டறையில் புதிய சட்டம் வந்தது. ஜப்பான் காகிதத்தை ஊதக் கூடாது. புதிதாகச் சேர்கிற பெண்களுக்குப் பசை அக்கா அதைச் சொல்லிக் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால், முன்னே ஒருத்தி ஊதிக் கெடுத்துவிட்டாள் என்பாள். நான்கைந்து வருஷம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. தோணிக்காரன் பெண்டாட்டியும் ஆமாம் என்பாள். நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

அந்த வருஷத்து நட்சத்திரங்களை மதாம்மாவிடம் கொண்டுபோனதைச் சொல்ல வேண்டும்.

முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை நான் சுமந்தேன். கோட்டைக் கொச்சியில் கடல் காற்று படுகிற பங்களா. பின்கட்டு வழியாகப் போனோம். வராந்தாவில் ஒரு பெரிய மேசை இருந்தது. மதாம்மா வந்தாள். எலும்பும் தோலுமாக, உயரமாக இருந்தாள்.

பெட்டியைத் திறந்ததும் குறைவாக இருப்பதைப் பார்த்தாள். முகம் மாறியது. முதலாளி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். கையாலும் சொன்னார். ஒருத்தி தண்ணீர் கொட்டிவிட்டாள் என்றார். வாயைப் பிளந்து காட்டினார், அப்படி ஓர் ஊனம் உள்ளவள் என்று. அவளை அனுப்பிவிட்டோம் என்றார்.

மதாம்மா தலையை ஆட்டினாள். சரி என்பதுபோல ஆட்டினாள்.

பிறகு ஒரு நட்சத்திரத்தை எடுத்தாள். கருநீலப் பூ. திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். விரலால் காகிதத்தை அழுத்தினாள். அது தொய்ந்து உள்ளே போய்த் திரும்பி வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். விறைப்பு இல்லை என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் முதலாளியிடம் நிறையப் பேசினாள். அவர் எனக்குச் சொன்னார்.

"இழுத்துக் கட்டிக் கெடுத்துருவாங்கன்னு மதாம்மா பயந்திருக்கு. இது இப்படி மெத்துன்னு இருக்கறதுதான் அழகாம். ஜப்பான்லகூட இத்தனை சுத்தமா வெட்ட மாட்டாங்களாம். ஆரு செஞ்சதுன்னு கேக்குது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைக் கையால் காட்டினார்.

மதாம்மா என் கையைப் பிடித்தாள். விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். ஈர்க்கு ஏறிய இடம் அப்போதும் கறுத்திருந்தது. அதைப் பார்த்து "ச்சொ" என்றாள். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தாள். மூடியில் பனியில் ஒரு வீடு வரைந்திருந்தது. என் கையில் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் தின்றார்கள். டின்னில் ரொம்ப நாள் உளுந்து போட்டு வைத்திருந்தேன்.

டின்னைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எத்தனை இருக்கிறது என்று எண்ணிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி.

பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கசங்காமல், நூலைப் பிடித்து எடுத்தேன். அவள் முறத்தில் எப்படி அடுக்கியிருந்தாளோ அதே வரிசையில் இருந்தன. மதாம்மாவின் மேசைமேல் எண்ணி எண்ணி வைத்தேன்.

ஐம்பது.